இந்த வரியை நகர்த்தாதே

போன வருடம் நான் போட்ட சண்டைதான் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. மாரத்தான் அலுவலகத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டு, "இதெல்லாம் ஒரு சர்வரா? என் வீட்டுச் சமையல் மேடையில உட்கார்ந்து நான் இதைவிட நல்லா எழுதுவேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டு, "சரி, எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். வாய்க்கொழுப்புக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார்.

சண்டைக்குக் காரணம் என் தங்கை. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ஐந்து மணி வண்டி அவளுடையது. அதற்கு முன்னால் எழுந்து பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்துதான் ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்து, நாட்டு அணியின் பயிற்சி முகாமுக்குப் போக வேண்டும். போன வருடம் இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தாள். ஆனாலும் கிடைக்கவில்லை.

ஓடுகிறவர்களின் ஷூவில் ஒரு சில்லு கட்டியிருக்கும். பாதையில் ஐந்து, பத்து, இருபத்தொன்று, முப்பது, நாற்பது கிலோமீட்டரில் ரப்பர் மேட் விரித்திருப்பார்கள். மேட்டைத் தாண்டும்போது, 'இந்த எண், இந்த நேரம்' என்று மேட் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்பும். கடைசி மேட் முடிவுக்கோட்டில். இதில் ஒன்று விட்டுப்போனாலும் ஆள் குறுக்குவழியில் வந்ததாகக் கணக்கு; பெயரை அடித்துவிடுவார்கள். போன வருடம் எவனோ ஒரு புண்ணியவான் ஓட்டத்தின் நடுவில் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினான். அந்தச் சில நொடிகளில் என் தங்கையின் கால் முப்பதாவது கிலோமீட்டர் மேட்டில் பட்டிருக்கிறது. அந்த மேட்டுகள் ஒரே ஒரு தடவைதான் அனுப்பும். பதில் வராவிட்டால் மறந்துவிடும்.

துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து என்னிடம் அவள் கேட்டது ஒரே வார்த்தை. "வந்துச்சா?"

"முப்பது வரலைடி" என்றேன்.

அழுதிருந்தாலாவது தேவலை. நேராக வீட்டுக்குப் போய், மறுநாள் காலை ஐந்து மணி வண்டியை எடுத்தாள். எனக்குத்தான் ஆறவில்லை. இந்த வருடம் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்குமேல் முகாமில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆக, இதுதான் கடைசி.

அதனால்தான் இந்தச் சர்வரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினேன். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில்தான். பத்து வருடம் ஒரு மருத்துவமனைப் பதிவு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அதன் வெப்சைட்டைக் கட்டிக்காத்தவள் நான். அங்கே ஒரு நோயாளி உள்ளே வந்தால் முதலில் டோக்கன், அப்புறம் எடை, அப்புறம் ரத்த அழுத்தம், கடைசியில்தான் டாக்டர். ஒவ்வொரு இடத்திலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, 'அடுத்த அறைக்குப் போங்க' என்பார்கள். மிடில்வேர் என்பது அதேதான். கோரிக்கை ஒன்று வந்தால் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு சிறு நிரலும் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு 'நெக்ஸ்ட்' என்று சொல்லி அனுப்ப வேண்டும். யாராவது சொல்ல மறந்தால் கோரிக்கை அங்கேயே உட்கார்ந்திருக்கும். எழுதிய வரிசைதான் போகும் வரிசை.

என் வரிசையில் முதல் ஆளுக்கு நான் வைத்த பெயர் நோட்டுப்புத்தகம். உள்ளே வருவது எதுவானாலும், நல்லதோ கெட்டதோ, வந்ததை வந்தபடி, வந்த நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிவிட்டு 'நெக்ஸ்ட்' சொல்லும். சர்வர் கடைசியில் சொல்கிற பதிலையும் அதே வரியில் சேர்த்துக்கொள்ளும். போன வருடம் இப்படி ஒன்று இல்லாததால்தான் யார் மேல் தப்பு என்று நிரூபிக்கவே எனக்கு நான்கு நாள் சண்டை ஆனது. அந்தக் கோபத்தில் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்: 'இந்த வரியை நகர்த்தாதே. நகர்த்துகிறவள் கை விளங்காது.' அடுத்த ஆள், மேட்டின் ரகசியச் சாவி சரியா என்று பார்ப்பவர். அதற்குப் பிறகு ரூட்டர். எந்தக் கோரிக்கை எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதுதான்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எல்லாம் அகரவரிசையில் இருக்க வேண்டும். என் சமையலறையில் உப்பு, கடுகு, சர்க்கரை, மிளகு என்றுதான் டப்பாக்கள் நிற்கும். என் தங்கை வரும்போதெல்லாம் ஒரு டப்பாவை மாற்றி வைத்துவிட்டு, "வரிசை மகாராணி கண்டுபிடிக்கறாளா பார்ப்போம்" என்று என் வீட்டுக்காரரிடம் பந்தயம் கட்டுவாள். நான் கண்டுபிடித்துவிடுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஓட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம், எல்லாச் சோதனையும் முடிந்து சும்மா இருக்க முடியாமல், ரூட்டர் கோப்பைத் திறந்தேன். கதவுகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, அகரவரிசை என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். அடடா, எவ்வளவு அழகு! அதே வேகத்தில் மிடில்வேர் கோப்பையும் திறந்தேன். கை விளங்காது என்ற குறிப்பு முதலில் கண்ணில் பட்டது. எழுதியவள் நான்தான். ஆனாலும் பயந்துபோய் மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து, பத்து, இருபத்தொன்று, முப்பது, நாற்பது எல்லா மேட்டையும் ஒரு தடவை சோதித்தோம். எல்லாம் சரியாக வந்தது. முடிவுக்கோட்டு மேட்டை மட்டும் ஓட்ட நாள் காலையில்தான் விரிப்பார்கள். அதைப் போன வாரமே பார்த்தாகிவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாலாயிரம் பேர் கிளம்பினார்கள். எனக்கு விளையாட்டு மைதானத்தின் மாடியில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். மடக்கு மேசை, இரண்டு திரை, ஒரு வாக்கிடாக்கி, முடிவுக்கோட்டுக்கு முதுகைக் காட்டி வாகன நிறுத்தத்தைப் பார்க்கும் ஒரு ஜன்னல். என் முதுகுக்குப் பின்னால் தலைமை நடுவர். போன வருடம் என் தங்கையின் பெயரை அடித்தாரே, அதே மனிதர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் ஒருநாளும் ஊதாத விசில், கையில் விதிப்புத்தகம்.

"உங்க தங்கச்சி ஓடறாங்க. அதனால உங்க கையைப் பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்லி என்னைப் போட்டிருக்காங்க" என்றார்.

"நல்லாப் பாருங்க சார். பத்து விரலும் இருக்கா எண்ணிக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விதி பதினொன்று இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தது. மேட் அனுப்பிய நேரம் மட்டுமே நேரம். கையால் யாரும் எதையும் எழுதக்கூடாது. அதைச் சேர்க்கச் சொல்லி நாலு பக்கம் மனு கொடுத்ததும் நான்தான்.

ஐந்தாவது கிலோமீட்டரிலிருந்து வரிகள் கொட்ட ஆரம்பித்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒவ்வொரு வரியும் ஒரு மனிதக் கால்! எங்கேயோ ஒரு தெருவில் ஒருவர் மேட்டை மிதிக்கிறார், கண் இமைப்பதற்குள் என் நோட்டுப்புத்தகம் எழுதுகிறது, சாவி சரிபார்க்கிறது, ரூட்டர் கதவைத் திறக்கிறது, திரையில் பெயர் ஏறுகிறது. சர்வர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கி வாங்கிப் போட்டது. பத்தாவது கிலோமீட்டரில் எண் நானூற்றுப் பன்னிரண்டு, நாற்பத்திரண்டு நிமிடம் இருபது நொடி. என் தங்கை! மேசையைத் தட்டினேன். நடுவர் தன் டம்ளரை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதையோரமாக அவளோடு போய்க்கொண்டிருந்தார். அரை மணிக்கு ஒரு தடவை போன் வரும்.

"மச்சினிச்சி பறக்கறா! முகத்துல ஒரு களைப்பு இல்ல. நான்தான் செத்துட்டேன்."

"நீங்க சைக்கிள்லதானே போறீங்க?"

"அதுக்கும் மிதிக்கணும்ல?"

இருபத்தொன்றாவது மேட்டில் வந்தாள். முப்பதாவது மேட்டுக்கு அவள் வர வேண்டிய நேரத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். போன வருடம் காலியாகக் கிடந்த கட்டம் அது. இரண்டு மணி ஏழு நிமிடம் முப்பத்திரண்டு நொடி. கட்டம் நிரம்பியது! "வந்துடுச்சு சார், வந்துடுச்சு!" என்று நடுவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் விதிப்புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார்.

எட்டு மணி நாற்பத்து நாலு நிமிடத்துக்கு மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பெரிய இரைச்சல் கேட்டது. முதல் ஆள் கோட்டைத் தொட்டுவிட்டார். நான் திரையைப் பார்த்தேன். முடிவு என்ற பத்தியில் ஒன்றுமில்லை. பத்து நொடி. இருபது நொடி. இன்னொரு இரைச்சல். இரண்டாவது ஆளும் வந்துவிட்டார். பத்தி வெள்ளையாகவே இருந்தது.

உடனே வாக்கிடாக்கியை எடுத்து முடிவுக்கோட்டில் நின்ற மேட்காரர் மேல் பாய்ந்தேன்.

"என்னங்க பண்றீங்க அங்க? மேட்டை ஒழுங்கா விரிச்சீங்களா, இல்ல உட்காரப் பாய் போட்டிருக்கீங்களா? ஒண்ணுகூட வரலையே!"

"இங்க பச்சை விளக்கு எரியுது மேடம்."

"பச்சை எரிஞ்சா என்ன? இங்க ஒண்ணும் வரலை! ஒயரை ஆட்டுங்க."

"ஆட்டிட்டேன் மேடம்."

"இன்னும் நல்லா ஆட்டுங்க!"

பாவம், அந்த மனுஷன் ஒயரை ஆட்டினார், பெட்டியைத் தட்டினார், ஆன்டெனாவைத் திருப்பினார். ஏழு நிமிடம் இப்படியே போனது. ஒன்பது பேர் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். கடைசியில் அவருக்கும் பொறுமை போய்விட்டது.

"மேடம், கொஞ்சம் நான் சொல்றதையும் கேளுங்க. பச்சைன்னா மேட் அனுப்பிடுச்சு, உங்க சர்வரும் பதில் சொல்லிடுச்சுன்னு அர்த்தம். பதில் வரலைன்னா சிவப்பு எரியும். என்ன பதில் சொல்லிச்சுன்னு நீங்கதான் பார்க்கணும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இதை நான் முதல் நிமிடமே பார்த்திருக்க வேண்டும். நோட்டுப்புத்தகத்தைத் திறந்தேன். முடிவுக்கோட்டு மேட்டிலிருந்து கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழகாக வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் என் சர்வர் ஒரே பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தது: 'முடிவு என்பது ஒரு எண் அல்ல.'

அந்தப் பதிலை எழுதியது நான். எந்தக் கதவில் எழுதினேன்? ரூட்டர் கோப்பைத் திறந்தேன். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

மேட்டுகளுக்கு இரண்டு கதவு வைத்திருந்தேன். ஒன்று, பாதையில் இருக்கும் மேட்டுகளுக்கு. அதன் முகவரியில் கிலோமீட்டர் வருகிற இடத்தில் ஒரு முக்காற்புள்ளி போட்டிருப்பேன். முக்காற்புள்ளி போட்டால், இங்கே என்ன வந்தாலும் உள்ளே விடு என்று பொருள். இன்னொன்று, 'முடிவு' என்றே முகவரி எழுதிய கதவு. முடிவுக் கதவு முன்னாலும் முக்காற்புள்ளிக் கதவு பின்னாலும் நிற்க வேண்டும். ஏனென்றால் ரூட்டர் மேலிருந்து கீழே ஒவ்வொரு கதவாகத் தட்டும்; முதலில் எது திறக்கிறதோ அதிலேயே அனுப்பிவிடும். கணினியின் அகரவரிசையில் முக்காற்புள்ளி எல்லா எழுத்துக்கும் முன்னால் வரும். நான் பொத்தானை அழுத்தியதும் அது மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. 'முடிவு' என்று வந்த ஒவ்வொருவரையும் அதுவே வாங்கி, இது எத்தனையாவது கிலோமீட்டர் என்று கேட்டு, எண் இல்லை என்று சொல்லி விரட்டியிருக்கிறது.

வரிசை மகாராணி! என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது. "நாப்பது தாண்டிட்டா! ரெண்டு அம்பது இருபத்திரண்டு!" என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டரும் சொச்சமும்தான். இதே வேகத்துல வந்தா மூணு மணிக்குள்ள வந்துடுவா, ஆனா நூல் இழைதான். அங்க எல்லாம் ரெடியா?"

நடந்ததைச் சொன்னேன்.

"அவ்வளவுதானே? ரெண்டு வரியை மாத்திட்டு சர்வரை நிறுத்திக் கிளப்பு. அவ வர்றதுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. நேரா பதிவாயிடும்!"

வரிகளை மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெட்டி, மேலே ஒட்டினேன். சர்வரை நிறுத்த விரலை வைத்தேன். பின்னால் நடுவரின் நாற்காலி கிரீச்சிட்டது. அவர் முன்னால் சாய்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் நின்றது அவருக்காக இல்லை. பக்கத்துத் திரையில் முப்பதாவது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் பெரும்பகுதி அப்போதுதான் அந்த மேட்டை மிதித்துக்கொண்டிருந்தது. நொடிக்கு இரண்டு பேர். ஆயிரத்து நூற்றெண்பத்தேழு, இரண்டாயிரத்து ஆறு, எழுநூற்று எழுபது.

சர்வர் நின்று, நாலாயிரம் பேரின் பட்டியலையும் மறுபடி படித்து எழுந்திருக்கப் பதினெட்டு நொடி ஆகும். ஓட்டத்துக்கு நடுவில் யாரும் நிறுத்தப் போவதில்லை என்று நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பதினெட்டு நொடியில் முப்பத்தாறு பேர். நோட்டுப்புத்தகமும் சர்வருக்குள்தான் இருக்கிறது, அதுவும் தூங்கிவிடும். முப்பத்தாறு பேருடைய முப்பதாவது கட்டம் காலி. அவர்களுக்கு வீட்டில் ஒரு அக்கா இருப்பாளே, அவள் கையில் துண்டை வைத்துக்கொண்டு நிற்பாளே!

"முடியாதுங்க" என்றேன் போனில். "போன வருஷம் ஒருத்தன் செஞ்சதையே நான் செய்யமாட்டேன்."

"ஏய், அவளுக்கு இதுதான் கடைசி வருஷம்!"

"எனக்குத் தெரியாதா? வையுங்க போனை!"

வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சர்வரை நிறுத்தவும் கூடாது, இதை இப்படியே விடவும் கூடாது. திருப்பி அனுப்பிய கோரிக்கைகளை மேட் மறுபடி அனுப்பாது. பச்சை எரிந்துவிட்டது, அதைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் விரட்டப்படுவதற்கு முன்னால் ஒவ்வொரு கோரிக்கையும் ஒருவர் கையில் ஏறி இறங்கியிருக்கிறதே! நோட்டுப்புத்தகம்! வந்ததை வந்தபடி!

"சார்!" என்று கத்திக்கொண்டு திரும்பினேன். நடுவர் துள்ளிவிட்டார். "நான் இந்தச் சர்வரைத் தொடப்போறதில்ல. பக்கத்துலயே இன்னொரு சர்வர் கிளப்பறேன். அதே நிரல், கதவு வரிசை மட்டும் சரியா இருக்கும். முடிவுக்கோட்டு மேட் அனுப்பினது அத்தனையும் நோட்டுப்புத்தகத்துல இருக்கு. அதை எடுத்து ஒவ்வொண்ணா புது சர்வருக்குக் கொடுக்கப்போறேன். ரெண்டு சர்வரும் எழுதறது ஒரே முடிவுப் பட்டியல்லதான்."

"அது கையால எழுதறது ஆகாதா?"

"என் கை எதையும் எழுதாது. மேட் எழுதினதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கும்."

அவர் விதி பதினொன்றைத் திறந்து உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தார். நான் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். நோட்டுப்புத்தகத்தில் 'முடிவு' என்று வருகிற வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, நொடிக்கு ஒன்றாகப் புதுச் சர்வரிடம் நீட்டும் சின்ன நிரல். பத்து வரிதான். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் எதையும் எழுதியதில்லை, அவ்வளவு தப்பாகவும் எழுதியதில்லை. மூன்று தடவை அடைப்புக்குறியை மூடாமல் விட்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு இரைச்சல் எழுந்தது. இது வேறு மாதிரி, பெண்களின் குரல் தூக்கலாக இருந்தது. மணியைப் பார்த்தேன். ஒன்பது அடிக்கப் போகிறது. அவள் வந்துவிட்டாள். என் தங்கை கோட்டைத் தாண்டிவிட்டாள், நான் ஜன்னலில் வெறும் வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மணிக்கு முன்னாலா, பின்னாலா? நோட்டுப்புத்தகத்தில் அவளுடைய வரியும் ஏறியிருக்கும். அதில் நேரம் மணி, நிமிடமாக இல்லாமல், கணினிக் கணக்கில் பதின்மூன்று இலக்க எண்ணாகத்தான் இருக்கும். மனக்கணக்கில் போடுகிற அளவுக்கு எனக்குத் தலை நின்றால்தானே!

இரண்டாவது சர்வர் எழுந்தது. பதினெட்டு நொடி. நடுவர் புத்தகத்தை மூடினார்.

"மேட் அனுப்பினது மட்டும்தான் நேரம். நீங்க சொல்றது விதிக்குள்ளதான் வருது" என்றார் மெதுவாக. "ஆனா இந்த நோட்டுப்புத்தகத்துல யாரும் ஒரு வரியைக்கூடச் சேர்க்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க தங்கச்சி ஓடறாங்க."

நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. வாக்கிடாக்கியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "மேட்டுக்குள்ள தனியா ஒரு எண்ணிக்கை ஓடும். எத்தனை அனுப்பியிருக்குன்னு நீங்களே கேளுங்க சார்."

அவர் கேட்டார். இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் பார்க்க வேண்டும் என்று ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். நான் நோட்டுப்புத்தகத்தில் எண்ணினேன்: நாற்பத்துமூன்று. வாக்கிடாக்கி சொன்னது: "நாப்பத்து நாலு."

ஒன்று உதைக்கிறது. ஒரு மனிதக் கால் எங்கே போயிற்று? அது அவளாக இருந்தால்?

"கொஞ்சம் இருங்க சார்" என்றது வாக்கிடாக்கி. "காலையில நாலரைக்கு, விரிச்ச உடனே, நானே ஒரு தடவை தாண்டிப் பார்த்தேன். அப்ப சர்வர் இன்னும் கிளப்பலை. அதுக்குச் சிவப்பு. இதோ இருக்கு, சிவப்பு ஒண்ணு, பச்சை நாப்பத்துமூணு."

"சர்வர் வந்தப்புறம் இன்னொரு தடவை தாண்டிப் பார்க்கலையா?" என்று கேட்டார் நடுவர்.

"பார்க்கலாம்னுதான் இருந்தேன் சார். அப்ப மேடம் வேற எதுக்கோ என்னைத் திட்டிக்கிட்டிருந்தாங்க. மறந்துட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், காலை ஐந்து மணிக்கே இந்தத் தப்பு வெளிச்சத்துக்கு வந்திருக்கும். "அண்ணே, மன்னிச்சுக்குங்க" என்றேன் வாக்கிடாக்கியில். "பரவால்ல மேடம்" என்றார் அவர். நல்ல மனுஷன்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "சார், நீங்க உட்காருங்க. இந்தப் பொத்தானை நீங்களே அழுத்துங்க. என் கை எதுலயும் படவேண்டாம்."

அவர் உட்கார்ந்தார். சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தினார்.

முதல் வரி ஏறியது. இரண்டு மணி நாற்பத்து நாலு நிமிடம். முடிவு என்ற பத்தியில் முதல் பெயர்! இரண்டாவது. மூன்றாவது. நொடிக்கு ஒன்று. நடுவர் ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகப் படித்தார். நான் என் இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு நின்றேன். பத்து. பதினைந்து. இரண்டு ஐம்பத்தாறு. இருபது. இரண்டு ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு, இருபத்துமூன்று. இரண்டு ஐம்பத்தொன்பது முப்பது. வாசலில் யாரோ வந்து நிற்பது போல இருந்தது, திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"நானூத்திப் பன்னெண்டு" என்று படித்தார் நடுவர். பிறகு கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, கட்டத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். "ரெண்டு மணி. அம்பத்தொம்பது நிமிஷம். அம்பத்தோரு நொடி."

ஒன்பது நொடி மிச்சம்! நடுவர் பேனாவை எடுத்துத் தன் தாளில் அந்த எண்ணுக்கு நேராக ஒரு டிக் போட்டார். போன வருடம் அடித்த அதே பேனாவாக இருந்தாலும் இருக்கும். திரையில் மற்ற பெயர்கள் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன.

வாசலில் நின்றது அவள்தான். துண்டைப் போர்த்திக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்திருக்கிறாள். முழங்கால் மடங்கவில்லை. முகமெல்லாம் உப்பு. பின்னால் சைக்கிள் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர். அவர் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சுடி."

அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. போன வருடம் அழ வேண்டியதையும் சேர்த்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைக் கட்டிக்கொண்டேன். நடுவர் எழுந்துபோய் ஜன்னல் வழியாக வாகன நிறுத்தத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் கழித்துத் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா, டெப்போவுக்கு ஒரு போன் போடு. நாளைக்கு அஞ்சு மணி வண்டிக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லு."